தண்ணிதான் தொந்தரவு

ஒரு கிராம்.
தராசு அடங்கும்வரை மூச்சை நிறுத்தினால்
ஒரு கிராமும் ஒரு தூசும்.
கோலமாவு சிந்திக் கிடக்கிறதென்று
கூட்ட வந்த பழனாத்தா துணியெடுத்தாள்.
அய்யோ அக்கா, அது அலுமினா,
உள்ளே முழுக்க ஓட்டை,
ஓட்டைகளின் சுவரையெல்லாம் விரித்துப் போட்டால்
அஞ்சு சென்ட் வரும் என்றேன்.
ஒதுங்கி நின்று பார்த்தாள்.
"பெருந்துறையில சென்ட் என்ன வெல விக்குது,
நீங்க கரண்டியில வெச்சிருக்கறீங்க."

இரும்புக் குழாய். மேலும் கீழும் கண்ணாடிப் பஞ்சு.
நடுவில் என் அஞ்சு சென்ட்.
இருநூற்றைம்பது டிகிரியில்
மெத்தனால் ஆவியாய் இறங்குகிறது.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில்
துண்டுக்கடியில் விரல் பிடிப்பார்களே, அப்படி.
வந்த இரண்டும் என்ன பேசின,
எந்த விரலை மடக்கின, தெரியாது.
வெளியேறும்போது ஒன்று:
ஒற்றை ஆக்சிஜனின் இடமும் வலமும் தோள் சாய்த்த
ஈதர்.
தரகனுக்கு இதில் காசில்லை.
வியாபாரம் முடிந்தும்
துண்டுக்கடியில் கையை எடுக்காமல்
உட்கார்ந்தே இருக்கிறது
ஒரு தண்ணீர் மூலக்கூறு.
அடுத்த சோடி வந்து நிற்கிறது, விரல் காலியில்லை.

ராத்திரி பதினொன்றுக்கு அர்த்தநாரி கூப்பிட்டான்.
வெள்ளக்கோவிலுக்குத் தெற்கே ஏதோ தோட்டம்.
திருச்செங்கோட்டு வண்டி, அண்ணன் பாதிப் பங்கு.
பின்னால் கம்ப்ரசர் அலறுகிறது.
"எண்ணூத்தி இருவது அடி போயாச்சு பாப்பா.
வெள்ளப் புழுதிதான் வருது.
தோட்டத்துக்காரரு கட்டலப் போட்டு
பக்கத்துலயே உக்காந்துட்டாரு,
மொகம் பாக்க முடியல.
உனக்கென்ன, இன்னுந் தூங்கலையா?"

வேலை நிக்குது. தொந்தரவு.

"என்ன தொந்தரவு?"

தண்ணி.

எஞ்சின் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
பிறகு சிரித்தான், இருமினான்,
"ஒரு டேங்கர்ல ஏத்தி உடு" என்றான்.
அந்த இருமல் எனக்குத் தெரியும்.
அவன் கைக்குட்டையைத் துவைத்தவள் நான்,
டீசல் எத்தனை தண்ணீர் மாற்றினாலும் போகாது.
ஈதரில் கரியும் கரியும் நேராய்க் கைகோப்பதில்லை,
எரிந்தால் புகைக்கரி கட்டாது என்று
பொங்கலுக்குப் போனபோது சொன்னேன்.
"வண்டிக்கு எப்பக் கெடைக்கும்?" என்றான்.
அதற்கு என்னிடம் வரைபடம் இருக்கிறது, தேதி இல்லை.

அலுமினாவோடு ஜியோலைட்டைச் சேர்த்தேன்.
அது தண்ணீருக்கு அவ்வளவாய் அசராது.
ஆனால் அமிலம் ஒரு பிடி கூடினாலும்
இந்தத் தரகன் சும்மா இருக்கமாட்டான்.
முடிந்த ஈதரையும் இழுத்துப் பிடித்து
இன்னொன்றோடு கட்டுவான்,
அதை மற்றொன்றோடு,
கட்டிக் கட்டிக் கடைசியில் கரி.
நாற்பத்தோராம் மணி நேரத்தில்
ஈதரின் மேடு சரிந்தது.
பம்ப்பை நிறுத்தி, ஆறவைத்து, கவிழ்த்தேன்.
அண்ணனின் கைக்குட்டை.

காற்றை விட்டு ஐந்நூற்றைம்பதில் எரித்தேன்.
விடிவதற்குள் மறுபடி வெள்ளை.
பழனாத்தா எட்டிப் பார்த்தாள், "புதுசாட்ட ஆயிருச்சுங்."
அளந்தேன்.
நாலே முக்கால் சென்ட்.
கால் சென்ட் எங்கே போனது என்று
குறிப்பேட்டில் ஒரு கேள்விக்குறி.

குளிர்குடுவையின் அடியில்
ராத்திரி முழுக்க விரட்டிய தண்ணீர்,
முக்கால் குடுவை தேறும்.
மெத்தனால் கலந்தது. செடிக்கும் ஆகாது.
கழிவுக் கேனில் ஊற்றும்போது
போனில் ஒரு படம்:
உள்ளங்கையில் சேறு, விரல்மேல் புழுதி.
கீழே
"980. ஈரம் மாதிரி இருக்குது. இன்னும் ஓட்டறோம்."

கேனை மூடிக் கை கழுவினேன்.
குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது,
வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிறுத்தினேன்.
தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.
மாதிரி எண் பதினெட்டு.
ஜியோலைட்டைப் பாதியாக்கி
ஒரு கிராம்.